மலிவான ஊரில் ஒரு கதவு

எங்கள் சித்தப்பா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், கதவைத்தான் பார்ப்பார். பூட்டு என்ன ரகம், நிலை எந்த மரம், கீலில் எந்த ஆணி புதுசு என்று பார்த்து முடித்த பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். வாசலில் நிற்பவர்கள் "உள்ள வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இவர் குனிந்து சாவித் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா, அம்மாவோடு அவரும் வந்திருந்தார். நான் அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தால், அவர் அரங்கத்தின் பின்கதவருகே நின்றுகொண்டிருக்கிறார். "ஏன்டா, இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு சின்னப் பூட்டா? உன் சர்டிபிகேட்டை எல்லாம் இங்கேயா வச்சிருந்தாங்க?" என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன வாழ்த்து.

அவருக்குத் தொழில் சாவி வெட்டுவது. பேருந்து நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடத்தில் கடை வைத்திருந்தார். ஒரு அரம், சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடிகருவி, பிறகு கொஞ்சம் வசதி வந்ததும் ஒரு சின்ன இயந்திரம். எல்லாரும் அவரைச் "சாவி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கிராமத்தில் கதவை இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அந்த வீட்டிலிருந்து போன மனிதர் பூட்டிலேயே பிழைத்தார்.

பூட்டுத் தொழில் செய்கிறவர்கள் எல்லாருமே சந்தேகப் பிறவிகள் அல்ல. சித்தப்பா அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவரும் சித்தியும் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் கடைக்கு வந்து, "உங்க மாடிச் சாவி மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க, அவசரத்துக்கு என்கிட்ட இருக்கட்டும்" என்று கேட்டார். சித்தப்பாவும் வெட்டிக் கொடுத்துவிட்டார். தன் வீட்டுச் சாவிதான் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர்தானே, ஒன்று இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சித்தி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கதவு தானாகத் திறந்தது. வீட்டுக்காரர் உள்ளே வந்து, "ஓட்டுல ஒழுகுதான்னு பாக்க வந்தேன்" என்றாராம். அது மழையில்லாத மாதம். அதன்பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தார்.

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஆனால் சாவி யார் வெட்டிக் கொடுத்தது என்று சித்திக்குத் தெரிந்த அன்றிலிருந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் சித்தி ஒரே ஒரு நிபந்தனைதான் வைப்பாள்: "நான் உள்ள இருக்கும்போது வெளியில இருந்து எவனும் திறக்கக் கூடாது." சமையலறை இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் கீழேயிருந்து சுமந்தாலும் பரவாயில்லை. அது ஒன்று மட்டும் வேண்டும்.

நான் படிப்பு முடித்து வெளிநாட்டில் வேலைக்குப் போன சில ஆண்டுகள் கழித்து, அங்கே ஒரு கதவுத் தொழிற்சாலையில் பூட்டுப் பொருத்தும் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். சித்தப்பா வந்து சேர்ந்தார். பெருநகரத்தில் என் அறையிலேயே தங்கினார். ஒருவன் காலை நீட்டினால் இன்னொருவன் காலை மடக்க வேண்டிய அறை. சித்தியையும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளையும் வரவழைக்க வேண்டுமென்றால், சொந்தப் பொறுப்பில் ஒரு வீடு இருந்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பெருநகரத்து வாடகைக்கு அவர் சம்பளம் சமையலறைக்குக்கூடக் காணாது. ஆகவே, தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் மலிவான ஊர் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். படித்தவன் இல்லையா! கணினியில் பெரிய அட்டவணை போட்டேன். ஊர், வாடகை, ரயில் நேரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று கட்டம் கட்டமாக நிரப்பி, மலிவான ஊர்களுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்தேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிடா, பட்டதாரி. ஏன் மலிவுன்னு ஒரு கட்டம் இல்லையே?"

"அங்க ஆளுங்க கம்மி, சித்தப்பா. தேவை குறைஞ்சா வாடகை குறையும்."

"ஆளுங்க ஏன் கம்மி?"

"வேலை இல்லாம நகரத்துக்குப் போயிட்டாங்க."

"வேலைக்குத்தான் போனாங்களா, இல்ல வேற எதுக்காச்சும் ஓடினாங்களா? நீ கேட்டியா?"

இப்படியே பச்சை வண்ணம் அடித்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஒன்றில் ஆறு ஓடுகிறது, வெள்ளம் வரும். இன்னொன்றின் படத்தில் தெருவில் ஒருவர்கூட இல்லை, "பட்டப் பகல்ல எங்கடா போனாங்க எல்லாரும்?" வேறொன்றில் வீட்டுக்காரர் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டார், அதுவே போதுமானதாக இருந்தது. கடைசியில் ஒரே ஓர் ஊர்தான் மிஞ்சியது. அதன் வாடகையோ மற்றவற்றையெல்லாம் விட மலிவு.

"இதுலதான் பெரிய வில்லங்கம் இருக்கும்" என்றார் சித்தப்பா. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார். சித்தியும் மகளும் வந்து சேர அந்த நாடு கொடுத்திருந்த அனுமதிக் காலம் கரைந்துகொண்டிருந்தது.

ரயிலிலிருந்து இறங்கினால் ஒரு மருந்துக்கடை, ஒரு பள்ளிக்கூடம், பாதிக்குமேல் கதவு இறக்கிய கடைவீதி. அதைத் தாண்டி ஒரு சரிவில், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய பழைய வீடுகளின் வரிசை. தோள்மேல் தோள் போட்டு நிற்பவர்களைப் போல நின்றன. அதில் நடுவில் இருந்த வீட்டைத் தரகர் காட்டினார். வழவழவென்று பேசுகிற ஆள். "அமைதியான தெரு, அருமையான அக்கம்பக்கம்" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அக்கம்பக்கத்தைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. இவர் ஏன் முந்திக்கிட்டுச் சொல்றார்?" என்றார் சித்தப்பா.

வாசல் கதவைத் திறந்ததும் ஒரு குறுகிய நடை. நடையின் இடப்பக்கம் நிலவறைக்கு இறங்கும் சின்னக் கதவு. நேரே போனால் கதவில்லாத ஒரு வளைவு வாசல், அதற்கப்பால் கூடம், சமையலறை, மேலே இரண்டு அறைகள். வெளிச்சமும் காற்றும் இருந்தன. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சித்தப்பா நடையைத் தாண்டவே இல்லை. மண்டியிட்டுப் பூட்டைத் தடவினார்.

"தம்பி, இங்க வா. இந்தப் பூட்டு வாய் எப்படித் தேஞ்சிருக்கு பாரு. ஒரே சாவி போனா ஒரே மாதிரி தேயும். இதுல விதவிதமா கீறல். பல பேர் கை வச்ச பூட்டு இது."

"பல வருஷம், பல குடித்தனம், சித்தப்பா."

"ம். அப்ப தரையைப் பாரு. வாசல்ல இருந்து அந்தக் கீழ் ரூம் கதவு வரைக்கும் தேஞ்சு பள்ளமா இருக்கு. கூடத்துப் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. குடியிருந்தவன் கூடத்துக்குப் போகாம கீழ் ரூமுக்கா போயிட்டிருந்தான்?"

நிலவறையில் என்ன இருக்கிறது என்று தரகரிடம் கேட்டேன். "பழைய சாமான், குழாய்கள்... வழக்கமானதுதான்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தைக் காட்டப் பின்பக்கம் நடந்துவிட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகி, வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அந்த அம்மாளுக்கு உடனே "திரைக்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் வீட்டை எடுத்துக்கொண்டார். வேறு வழி இல்லை. அவர் சம்பளத்துக்குள் அடங்கிய வீடு, அந்த நாட்டிலேயே, எங்கள் கண்ணுக்கு எட்டியவரை அது ஒன்றுதான். நானும் விடாமல் நச்சரித்தேன். கையெழுத்துப் போட்டதும் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார். தொழிற்சாலையில் வாங்கியது. அன்றைக்கே பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். "இப்ப வரச் சொல்லு பாப்போம்" என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே அவரிடமிருந்து போன். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"டேய், நான் சொன்னேன்ல? சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து நடையில செருப்பைக் கழட்டிட்டு இருக்கேன். பூட்டுல சத்தம். யாரோ சாவியை விட்டுத் திருப்புறாங்க."

"ஐயையோ. யாரு?"

"அந்தத் திரைக்காரிதான். துவாரத்துல பாத்தேன். கையில சாவி, தோள்ல பை. திருப்பித் திருப்பிப் பாத்துட்டுப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல தொப்பி போட்ட ஒரு கிழவனைக் கூட்டிட்டு வந்தா. அவன்கிட்டயும் ஒரு சாவி! ஊருக்கே சாவி குடுத்து வச்சிருக்கான்டா அந்தத் தரகன்."

"தட்டினாங்களா?"

"தட்டினாங்க. என்னமோ பேசினாங்க. நான் மூச்சு விடல."

"கதவைத் திறந்து என்னன்னு கேட்டிருக்கலாமே, சித்தப்பா."

"திறந்து என்ன பாஷைல கேக்கிறது? சாவியோட வர்றவன்கிட்ட நாம என்னடா கேக்க முடியும்? அவனுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே."

தரகரை அழைத்தேன், எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கும் இடித்தது. சித்தப்பா அதற்குள் ஜன்னலுக்கெல்லாம் கனமான துணி அடித்து, விளக்கைச் சின்னதாகப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்து வாழத் தொடங்கிவிட்டார். சித்தியிடம் மட்டும், "வீடு அமைதியா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. "கதவு?" என்று அவள் கேட்டாளாம். "புதுப் பூட்டு. நானே போட்டது" என்றாராம். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வார விடுமுறையில் நான் போனேன். இருவரும் தரகர் அலுவலகத்துக்கு நடந்தோம். பூட்டியிருந்தது. சித்தப்பா அந்தப் பூட்டையும் குனிந்து பார்த்தார். "இவன் வீட்டுக்கு மட்டும் எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டிருக்கான் பாரு." கொஞ்சம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

தெரு முனையிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். திரைக்காரி, தொப்பிக் கிழவர், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண், இன்னும் சிலர். சுவரில் ஒரு கடப்பாரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சித்தப்பா என் கையை இறுகப் பிடித்தார்.

"வந்துட்டாங்க. போலீசுக்குப் போன் பண்ணு."

"சித்தப்பா, அந்தப் பக்கம் பாருங்க."

எதிர்வீட்டுக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து, படியிறங்கித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்காரியின் காலணியும் பாவாடை ஓரமும் நனைந்திருந்தன. அவர் என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து படபடவென்று பேசினார். கேட்கக் கேட்க எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"என்னடா சொல்றா?"

"இந்தத் தெருவுக்கே தண்ணி வர்ற பெரிய வால்வு நம்ம கீழ் ரூம்லதான் இருக்காம், சித்தப்பா. அந்தக் காலத்துல ஒரே முதலாளி கட்டின வீடுங்க. யார் வீட்டுல குழாய் கெட்டாலும் இங்க வந்துதான் மூடணுமாம். அதனாலதான் எல்லார்கிட்டயும் சாவி."

சித்தப்பா காய்கறிப் பையைக் கீழே போட்டார். தக்காளிகள் சரிவில் உருண்டன. பூட்டைத் திறந்து, இருட்டில் படியிறங்கி ஓடினார். தொப்பிக் கிழவர் பின்னால் இறங்கினார். கீழே இரும்புச் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. எதிரே தண்ணீர் மெல்ல மெல்ல நின்றது.

மேலே வந்ததும் சித்தப்பா கடப்பாரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"இதை வச்சு உடைச்சிருக்கலாமே. ஏன் உடைக்கலன்னு கேளு."

கேட்டேன். கிழவர் உடைக்கத்தான் சொன்னாராம். திரைக்காரி விடவில்லை. "புதுப் பூட்டு. உள்ளே யாரோ பயந்துகொண்டு இருக்கிறார்கள். பயந்தவர்களின் கதவை உடைத்தால் அப்புறம் அவர்கள் எப்படி இங்கே தூங்குவார்கள்?" என்றாராம். இவ்வளவையும் அவர் கோபமாகத்தான் சொன்னார். அவர் கூடத்துத் தரைப் பலகைகள் எல்லாம் ஊறிப் போயிருந்தன. குழாய் கசிகிறது, ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும், அதற்கு வால்வை மூட வேண்டும் என்றுதான் அந்த முதல் நாள் சாவியோடு வந்திருக்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன்.

"சொல்லுடா."

"அன்னைக்குத் தட்டினப்போ, கதவுக்குப் பின்னாடி நீங்க மூச்சு விடுறது கேட்டுச்சாம்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "நான் மூச்சு விடலையே" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்பு குடியிருந்தவர்கள் எல்லாம் இந்த நடமாட்டம் தாங்காமல்தான் காலி செய்தார்களாம். அதனால்தான் அந்த வாடகை. வந்தவரும் ஓடிவிடுவார் என்று பயந்து தரகர் அதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். என் அட்டவணையில் இல்லாத கட்டத்துக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு சித்தியை எப்படி உள்ளே அழைப்பது? வெளியிலிருந்து எவனும் திறக்கக் கூடாது என்பவளுக்கு, தெருவே வந்து திறக்கும் வீடு.

அன்று மாலை முழுக்க சித்தப்பா நடையிலேயே உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்றேன். "பாத்த ஊரெல்லாம் நான்தானே கழிச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கதவில்லாத அந்த வளைவை முழம் போட்டு அளந்தார்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் விளிம்பு நசுங்கியதால் ஒதுக்கி வைத்திருந்த கனத்த கதவு ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, வண்டி பிடித்துக் கொண்டுவந்தார். தரகர் இந்த முறை போனை எடுத்தார், எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. வளைவில் நிலை அடித்து, கதவை நிறுத்தி, ஒரு பூட்டும் உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாளும் வைத்தார். இப்போது வாசல் கதவும் நடையும் நிலவறையும் தெருவுக்கு. உள்கதவுக்கு அப்பால் வீடு. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தொப்பிக் கிழவர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் மத்தியானம் முழுக்க ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள்.

பிறகு வாசல் பூட்டுக்கு, வரிசையிலும் எதிர் வரிசையிலும் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி வெட்டி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். திரைக்காரிக்கு முதலில். அவர் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊறிப்போன தரைக்கு அந்தத் திருப்பல் நியாயம்தான். சித்தப்பா ஒரு ரகசியத்தை என்னிடம் மட்டும் சொன்னார். ஒவ்வொரு சாவியின் கழுத்திலும் அரத்தால் வேறு வேறு விதமாக ஒரு சின்ன வெட்டு வைத்திருக்கிறார். "நாளைக்கு எவன் கையிலயாவது இருந்தா, எந்த வீட்டுச் சாவின்னு தெரியணும்ல?" சாவி கொடுப்பது வேறு, நம்புவது வேறு.

சித்தி வந்தாள். மகள் மாடிக்கு ஓடிவிட்டாள். சித்தி கூடத்தையும் சமையலறையையும் பார்க்கவில்லை. உள்கதவைச் சாத்தினாள், இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"முக்காகச் சித்தப்பா இவ்வளவு நாள் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

சரியாக அந்த நேரத்தில் வெளியே பூட்டில் சாவி திரும்பியது.

சித்தி அப்படியே நின்றுவிட்டாள். வாசல் கதவு திறந்து, நடையில் காலடி கேட்டது. சித்தப்பா அவசர அவசரமாக வால்வு, வரிசை வீடு, பழைய முதலாளி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சித்தி கடைசிவரை கேட்டாள்.

"அந்தச் சாவியெல்லாம் யாருங்க வெட்டிக் குடுத்தது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார். "அன்னைக்கு உன்னைக் கேக்காம ஒருத்தனுக்குக் குடுத்தேன். இன்னைக்கும் கேக்காமதான் குடுத்திருக்கேன். ஆனா இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் யாருக்கும் குடுக்கல."

சித்தி இரண்டு தாழ்ப்பாளையும் எடுத்து உள்கதவைப் படாரென்று திறந்தாள். நடையில் திரைக்காரி, நிலவறைக் கதவில் கை வைத்தபடி. புது முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் திடுக்கிட்டார். சித்தியின் முகத்தில் என்ன பார்த்தாரோ, திரும்பி வெளியே போனார். வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார். பிறகு வெளியிலிருந்து தட்டினார்.

மறுபடியும் ஒரு தட்டு. சித்தி நடையில் நடந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒதுங்கி வழி விட்டாள். சிரிக்கவெல்லாம் இல்லை. திரைக்காரி கீழே போய் வேலையை முடித்துவிட்டு வரும்வரை நடையிலேயே நின்று, அவர் போன பிறகுதான் உள்ளே வந்தாள்.

"உள்கதவுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு."

"ரெண்டையும் குடுங்க."

கொடுத்தார். இப்போதெல்லாம் சித்தப்பா வேலை முடிந்து வந்தால் தன் வீட்டு உள்கதவைத் தட்டிவிட்டு நடையில் நிற்கிறார். சித்தி "யாரு?" என்கிறாள். "நான்தான்" என்கிறார். "நான்னா?" என்கிறாள். அந்தச் சாவியின் வெட்டு அவருக்கு மனப்பாடம், நினைத்தால் தொழிற்சாலையில் உணவு இடைவேளைக்குள் உள்கதவுக்கு ஒரு சாவி வெட்டிக்கொள்ளலாம். இதுவரை வெட்டவில்லை. துணி துவைக்கப் போடுமுன் அவர் சட்டைப் பைகளைச் சித்தி இன்னமும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.